படுவான்கரைக் காதல் கதையில் ‘போர் முடிந்த பிறகு’ என்பது எந்த ஆண்டு?

வாவிக்கரையான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சரித்திரக் காதல் நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். சரித்திரம் என்றதும் கோட்டை, குதிரை, அரசகுமாரி என்று நினைக்க வேண்டாம். கதை மட்டக்களப்பில், 1989-ல் தொடங்குகிறது. இன்று கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது தாய் தகப்பன் வாயால் கேட்ட காலம், அதனால் சரித்திரம் என்றே சொல்கிறேன்.

பொடியன் கொக்கட்டிச்சோலைப் பக்கம். பெண் பிள்ளை ஆரையம்பதி. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்தில் கூடுகிற சனத்துக்குள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அடுத்த வருடம் ஜூனில் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை மூளுகிறது. அவன் மேற்கே படுவான்கரையில், அவள் கிழக்கே கடல் பக்கம் எழுவான்கரையில், நடுவில் வாவி. கடல் கடந்து கனடாவுக்குப் போன காதலனைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மறுகரையில் நிற்கிற தென்னை கண்ணுக்குத் தெரியும், ஆனால் போக முடியாது என்ற பிரிவை நான் எழுத ஆசைப்படுகிறேன். அது எங்கள் ஊருக்கே உரியது.

கேட்க வந்தது இதுதான். இருவரும் எப்போது சேர வேண்டும்? இப்போதைக்கு 2009-க்குப் பிறகு, அவன் புனர்வாழ்வு முகாமிலிருந்து வெளியே வந்து அவள் வீட்டு வாசலில் நிற்பதாக முடித்திருக்கிறேன். எழுதும்போதே ஏதோ இடறுகிறது. இன்னொன்றும் மனதை அரிக்கிறது. இவ்வளவு பேர் இன்னும் காத்துக்கொண்டிருக்கும் மண்ணில், சேர்ந்தார்கள் என்று ஒரு கதை முடியலாமா?

துறையடி எழுதியது:

தம்பி, நான் படுவான்கரை ஆள். இடறுகிற இடம் எது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. 2009 வன்னிக்குப் போர் முடிந்த ஆண்டு. கொக்கட்டிச்சோலை ஆமியின் கைக்கு வந்தது 2007 பங்குனிக் கடைசியில், குடும்பிமலை அதே ஆண்டு ஆடியில். உங்கள் பொடியன் ஊரோடு இருந்தவன் என்றால் அவனுக்குப் போர் முடிந்தது 2007. வன்னிக்குப் போனவன் என்றால்தான் 2009. முதலில் அவன் எங்கே இருந்தான் என்று தீர்மானியுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எங்களுக்குப் போர் ஒரு தடவை முடியவில்லை. 1987 ஆடியில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தபோது முடிந்தது என்று நம்பினோம். 1990 பங்குனியில் இந்திய ஆமி கப்பலேறியபோது திரும்பவும் நம்பினோம். மூன்று மாதம் தாங்கவில்லை. 2002 மாசியில் போர்நிறுத்தம், அப்போது உண்மையாகவே நம்பினோம். வாவியின் ஓடத்துறையில் சனம் தாராளமாக ஏறி இறங்கத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஒத்திப்போட்ட கலியாணங்கள் எங்கள் பக்கம் அந்த இரண்டு வருடத்துக்குள் நடந்தன. பந்தல்காரருக்கு ஓய்வில்லை.

பிறகு 2004 பங்குனியில் இயக்கம், அதாவது புலிகள், இரண்டாகப் பிளந்தது. சித்திரையில், பெரிய வெள்ளியன்று, வெருகலில் ஒரே இயக்கத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சுட்டார்கள். அதன் பிறகு கிழக்குப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு வீடு வந்து சேர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளைக் கட்டையாக வெட்டிய முடியை வைத்தே ஊர் அடையாளம் கண்டது. முடி வளரும் வரைக்கும் அவர்கள் சந்திக்குப் போகவில்லை. அந்த வருடம் மார்கழியில் கடல் வந்தது.

ஆகவே உங்கள் கதையில் சேர்தல் ஒன்று இருக்க முடியாது. சேர்ந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் சேர்ந்தார்கள், ஒவ்வொரு தடவையும் பிரிந்தார்கள். கடைசித் தடவை என்று எதுவும் அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. அதை எழுதினால் அது எங்கள் கதை.

மாலைவாசகி எழுதியது:

துறையடி ஐயா சொன்னதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என்றாலும் ஒரு வாசகியாக என் பக்கத்தையும் சொல்லவேண்டும். காதல் கதையைக் கையில் எடுக்கிறவள் அவர்கள் சேர்வதைப் பார்க்கத்தான் எடுக்கிறாள். நானூறு பக்கம் சென்ட்ரிச் சோதனை, ரவுண்டப் சுற்றிவளைப்பு, இடப்பெயர்வு என்று கொண்டுபோய்விட்டுக் கடைசி இரண்டு பக்கத்தில் சேர்த்து வைத்தால் எனக்குப் போதாது. சேர்ந்த பிறகு முதல் வார்த்தை யார் கதைத்தார்கள், அவன் எங்கே இருந்தான், அவள் தேத்தண்ணி கொடுத்தாளா, முகத்தைப் பார்த்தாளா, எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாளா, எல்லாம் வேண்டும். இருபது வயதில் பிரிந்தவர்கள் நாற்பதில் எதிரெதிரே இருப்பது லேசான காட்சி இல்லை. அவனுக்கு முன்தலை வழுக்கை, அவளுக்குக் கண்ணாடி. அதை அவசரப்பட்டு எழுதவேண்டாம் அண்ணன்.

கடற்காகம் எழுதியது:

1990 பக்கம் போனாலே இந்த உரையாடல் இழை சண்டையில் முடியும். 1942-ஐ எடுக்கலாமே? ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் தாழ்த்தின. 307 பேர் இறந்தார்கள். இன்றும் சுழியோடிகள் அதைப் பார்க்கப் போகிறார்கள். அந்தக் காலக் கதைக்கு எவரும் கோபிக்க மாட்டார்கள்.

வாவிக்கரையான் எழுதியது:

கடற்காகம், அது நல்ல கதைக்களம். ஆனால் எவரும் கோபிக்காத காலம் என்பதற்காக நான் அங்கே போக விரும்பவில்லை. எனக்குத் தெரிந்தவர்களின் பிரிவை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

துறையடி ஐயா, ‘கடைசித் தடவை முன்கூட்டித் தெரியாது’ என்ற வரியைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன். துறையைப் பற்றி இன்னும் சொல்லுங்கள். கடிதம் எப்படிப் போனது?

தம்பிலுவில்_டீச்சர் எழுதியது:

தம்பி வாவிக்கரையான், ஐயா பதில் எழுதுவதற்குள் நான் ஒன்று கேட்கிறேன். குடி, அதாவது தாய்வழி வம்சம், பார்த்தீர்களா? ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை என்பது தெரிந்திருக்கும். அவனும் அவளும் எந்தக் குடி என்று முதல் அத்தியாயத்திலேயே எந்தக் கிழவியாவது கேட்டிருப்பாள். கேட்காவிட்டால் அது மட்டக்களப்பு இல்லை.

குடியோடு வீடும் வருகிறது. எங்கள் பக்கம் வீடும் அதைச் சுற்றிய வளவுக் காணியும் பெண்ணுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். போருக்குப் பிறகு சேர்கிற கதைக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசியுங்கள். தாய் எழுதிக் கொடுத்த வளவில் அவள் இருப்பாள். ஊர் ஊராகத் தேடினாலும் கடைசியில் அவன் வரவேண்டிய இடம் அந்த வளவு வாசலில் இருக்கிற ஒரு படலைதான். அந்த வளவைவிட்டு அவளைக் கிளப்புகிற நாள்தான் கதையின் மிகக் கொடிய நாளாக இருக்கவேண்டும். 1990 ஆவணி புரட்டாதியில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கான சனம் தஞ்சம் புகுந்திருந்தது. செப்டம்பர் 5-ஆம் தேதி அங்கிருந்து 158 பேரைக் கொண்டுபோனார்கள். அவளை அங்கே கொண்டுபோகலாம். வீட்டில் இல்லாத பெண்ணை அவன் எங்கே தேடுவான்?

இன்னொன்று. தமிழில் போர்க்களத்திலிருந்து திரும்பி வருகிறவனைப் பற்றிய பாட்டு முல்லைப்பாட்டு. 103 அடிதான், பத்துப்பாட்டில் எல்லாவற்றிலும் சிறியது. காத்திருக்கிற தலைவிக்காகப் பெண்கள் சகுனமாக ஒரு நற்சொல் கேட்கப் போகிறார்கள். கட்டியிருக்கிற கன்றுகளிடம் ஓர் இடைப்பெண், உங்கள் தாய்மார் இப்போது வந்துவிடுவார்கள் என்று சொல்வது காதில் விழுகிறது. அதை நம்பி வருகிறார்கள். பாசறையில் அரசனுக்குத் தூக்கம் இல்லை. தும்பிக்கை வெட்டுண்ட யானைகளையும், செத்த வீரரையும், அம்பு தைத்துப் புல் தின்னாத குதிரைகளையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் தேர்க் குதிரைகளின் ஓசை அவள் காதில் நிறைகிறது, பாட்டு முடிகிறது. அவன் இறங்கி உள்ளே வருவதைப் புலவர் காட்டவில்லை. மாலைவாசகி கேட்கிற காட்சி அங்கே இல்லை. ஆனால் அந்த யானைகளும் குதிரைகளும் இருக்கின்றன. உங்கள் பொடியனும் தன் தூக்கமின்மையோடுதான் வரவேண்டும்.

முல்லைக்குக் கார்காலம் என்று படித்துவிட்டு ஆவணி புரட்டாதியில் மழையைப் பெய்யவைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் அது கச்சான் என்கிற வறண்ட காற்று அடித்து ஓய்கிற காலம், தரை வெடித்துக் கிடக்கும். மழை ஐப்பசிக்குப் பிறகுதான்.

துறையடி எழுதியது:

டீச்சர் சொன்ன படலை சரி. எங்கள் அம்மாவின் வளவு அப்படித்தான் தப்பியது.

துறை பற்றி. மண்முனைப் பாலம் 2014-ல்தான் வந்தது. அதற்கு முன் ஓடம்தான். தெற்கே குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் ஓடம். வடக்கே போனால் வலையிறவுப் பாலத்தால் வவுணதீவு. எழுவான்கரைப் பக்கம் சென்ட்ரி. அடையாள அட்டை, எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய், பையைக் கொட்டு. யூரியா, சீமெந்து, பற்றரி எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. இரண்டு பற்றரி கூடக் கொண்டுபோனால் ரேடியோவுக்கு என்று சொல்லி விளங்கப்படுத்தவேண்டும். மறுகரையில் இறங்கினால் இயக்கத்தின் ஆட்கள் அதே கேள்விகளைக் கேட்பார்கள்.

கடிதத்தைத் தபாலில் போட எங்களுக்குத் துணிவு வராது. கையில்தான் போனது. தயிர் விற்கிற பெண்கள், விறகுக்காரர், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர்கள். பெயர் எழுதமாட்டார்கள். சென்ட்ரியில் பிடிபட்டால் கொண்டுபோகிறவருக்குத்தான் அடி. அதனால் நிறையப் பேர் கடிதம் எழுதாமல் சொல்லி அனுப்பினார்கள். உங்கள் கதையில் ஒரு தயிர்க்காரி அவனுடைய சொல்லைத் தன் வாயால் கொண்டுவந்து சொல்லட்டும். அவள் சொல்லும்போது கொஞ்சம் கூட்டியும் சொல்லுவாள்.

அவனைத் தடுப்புக் காவலில் போடுகிற யோசனை இருந்தால் செஞ்சிலுவைச் சங்கக் கடிதம் வேறு. அது திறந்த தாள், குடும்பச் சேதி மட்டும், இடையில் வாசித்துப் பார்ப்பார்கள். காதலிக்கு எழுத முடியாது, உறவினருக்குத்தான். அவன் ‘மச்சாளுக்கு’ என்று எழுதலாம். குடி சரியாக இருந்தால் அவள் முறைக்கு மச்சாள்தான், பொய்யும் இல்லை. நெல்லு விலை, மாமியின் சுகம், மாடு கன்று போட்டதா என்றுதான் எழுதமுடியும். அவள் அதையே நாலைந்து தடவை வாசிப்பாள்.

மாலைவாசகி எழுதியது:

மாடு கன்று போட்டதா என்று கேட்கிற காதல் கடிதம். அண்ணன், இது ஒன்றுக்காகவே நான் வாங்குவேன்.

புன்னைக்குடா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஏறாவூர். இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன், நல்ல முயற்சி தம்பி. ஒரு வேண்டுகோள். 1990 ஆவணியை எழுதும்போது எங்களையும் எழுதுங்கள். ஆகஸ்ட் 3-ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். 11-ஆம் தேதி இரவு ஏறாவூரில். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேல் மௌத்து. மறுநாள் 12-ஆம் தேதி வீரமுனையில் கோயிலில் தஞ்சம் இருந்த தமிழர்களைக் கொன்றார்கள், செப்டம்பர் 9-ஆம் தேதி சத்துருக்கொண்டானிலும். ஐந்தாறு கிழமைக்குள் இவ்வளவும். உங்கள் பொடியனும் பிள்ளையும் வாவியால் மட்டும் பிரியவில்லை. ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நடுவில் ஒரு வீதிதான். அந்த வீதியும் அந்த மாதம் ஆறாகப் போனது.

எங்கள் பக்கத்திலும் பிரிந்த சோடிகள் இருக்கிறார்கள். உறுகாமம் என்ற கிராமத்து ஆட்கள் அந்த வருடம் வயல், வளவு, மாடு எல்லாவற்றையும் விட்டு ஏறாவூருக்கு வந்தார்கள். நிக்காஹ் பேசி வைத்திருந்த குடும்பங்கள் வேறு வேறு இடங்களில் ஒதுங்கின. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது எங்களிடமும் உண்டு, கட்டிய வீடு அங்கே, பெண் இங்கே. வீடு இல்லாமல் கலியாணம் எப்படி என்று வருடக்கணக்கில் இழுபட்டதை நான் கண்டேன். குடி எங்களுக்கும் இருக்கிறது, டீச்சர் சொன்னபடி கேட்கிற கிழவியும் இருக்கிறா.

ஆரையம்பதிப் பிள்ளைக்குக் காத்தான்குடியில் ஒரு கூட்டாளி இருக்கட்டும். 1990-க்கு முன் கூடப் படித்தவள். அந்த இரண்டு பேரும் எப்போது திரும்ப ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். அதுவும் சேர்தல்தான்.

நீதிமன்ற_வீதி எழுதியது:

புன்னைக்குடா காக்கா (அண்ணன்) சொன்னது அவசியம் வரவேண்டும்.

சட்டப் பக்கம் ஒரு குறிப்பு, கதைக்கு உதவும். ஏழு வருடம் ஒருவரைப் பற்றி அறியவேண்டியவர்கள் எதுவும் அறியாவிட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தில் பழைய விதி. 2010-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கச் சட்டம் யுத்தத்தில் காணாமற்போனவர்களுக்கு ஒரு வருடத்துக்குப் பிறகே மரணச் சான்றிதழ் எடுக்க வழிவிட்டது. மனம் ஒப்பாமலே எடுத்தவர்கள் உண்டு, எடுக்க மறுத்தவர்கள் நிறைய. 2016-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணக்கிடையாமைச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

கதையில் அவர்கள் கலியாணம் பதிந்தவர்களா? பதியாத காதலி என்றால் எந்த அலுவலகத்திலும் அவளுக்கு இடம் இல்லை. மனைவி முறைப்பாடு கொடுக்கலாம், தாய் கொடுக்கலாம். காதலித்தவள் யாராகப் போய் நிற்பாள்? அவனுடைய தாயோடு துணைக்குப் போய் வாசலில் நிற்பாள். மருமகளாகாத ஒரு பெண்ணும் மாமியாகாத ஒரு பெண்ணும் வருடக்கணக்கில் ஒன்றாக பஸ் ஏறுவது, என்னைக் கேட்டால், இந்த நாவலின் முக்கியமான உறவு அதுதான்.

2010 ஜூனில் வவுனியாவில், புனர்வாழ்வில் இருந்த 53 சோடிகளுக்கு ஒரே நாளில் கலியாணம் செய்து வைத்தார்கள். காவலில் இருந்துகொண்டே தாலி கட்டினார்கள். 2009-க்குப் பிந்திய அத்தியாயம் எழுதினால் இதையும் நினைவில் வையுங்கள்.

மூத்தமகள் எழுதியது:

இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். என் அப்பா 1990-ல் கொண்டுபோகப்பட்டவர். அம்மா இன்னும் இருக்கிறா. நல்ல சுகமாக இருக்கிறா.

முதல் பதிவில் கேட்டீர்களே, சேர்ந்தார்கள் என்று கதை முடியலாமா என்று. முடிக்கலாம். அம்மா தொலைக்காட்சி நாடகத்தில் பிரிந்த புருசனும் பெண்சாதியும் சேர்கிற நாளில் சமையலை முதலே முடித்துவிட்டு உட்காருவா. மற்றவர்கள் சேர்வதைப் பார்த்து அவவுக்குக் கோபம் வந்ததை நான் கண்டதே இல்லை. எங்களுக்காக நீங்கள் உங்கள் சோடியைப் பிரித்து வைக்கவேண்டாம்.

ஆனால் காத்திருந்தவளைச் சிலையாக்கிவிடாதீர்கள். அதுதான் எனக்கு வலிக்கும். எங்கள் பக்கம் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் சடங்கு செய்கிறோம், குளிர்த்தி பாடுகிறோம், சரி. அதற்காகக் காத்திருக்கிற பெண் எல்லாரையும் கண்ணகி என்று எழுதுகிற பழக்கம் வேண்டாம். அம்மா பாய் இழைத்தா, மா இடித்துக் கொடுத்தா, வயலைக் குத்தகைக்குக் கொடுத்துக் கணக்குப் பார்த்தா, மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தா. சீட்டுப் பிடித்தா. ஒரு முறை சீட்டுக்காசு கொடுக்காத ஒருவரை வீதியில் மறித்து ஏசினா. சிரிக்கிறா. 1994-ல் வந்த ஆணைக்குழுவிலிருந்து 2018-ல் வேலை தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் போய்ச் சொன்னா. கடைசியாக உடுத்தியிருந்த உடுப்பு என்ன என்று கேட்பார்கள், நீலக் கோடு போட்ட சாரம், வெள்ளைச் சேட் என்று சொல்லுவா. கொழும்பில் வந்து இருங்கள் என்று தம்பி எத்தனையோ முறை கூப்பிட்டான், வளவை விட்டுப் போகமாட்டா. டீச்சர் எழுதிய படலையை வாசித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

உங்கள் நாயகி சேர்கிற நாளில் அவளுடைய பக்கத்து வீட்டில் சேராத ஒருத்தி இருப்பாள். அவளை அழவைக்கவேண்டாம். கலியாணத்துக்குப் பலகாரம் சுட வரட்டும், வந்து மாவு பதம் சரியில்லை என்று சண்டை பிடிக்கட்டும். அதுதான் நடக்கும்.

தம்பிலுவில்_டீச்சர் எழுதியது:

மகள், நீங்கள் எழுதியதற்கு நன்றி. அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வாவிக்கரையான் எழுதியது:

மூத்தமகள் அக்கா, அம்மாவைப் போல ஒருவர் கதையில் வந்தால், எழுதியதும் முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன். நீங்கள் சரி என்றால்தான் அது நிற்கும்.

இப்போது மனதில் உள்ள கதை இப்படி. 2009 வாசல் காட்சியோடு முடிக்கப் போவதில்லை. முதல் சேர்தல் 2002-ல், துறையில். துறையடி ஐயா சொன்ன கலியாண வருடங்களில் அவர்களுக்கும் நாள் வைக்கிறார்கள், அவனுடைய தங்கை இயக்கத்தில் இருப்பதால் அவள் வரும்வரை தள்ளிப் போகிறது. 2004 சித்திரையில் தங்கை வெட்டிய முடியோடு வருகிறாள். ஆவணியில் கலியாணம். மார்கழியில் கடல் வந்து ஆரையம்பதிக் கடற்கரையில் இருந்த அவளுடைய அக்காவின் வீட்டைக் கொண்டுபோகிறது, கலியாணப் படங்களும் அந்த வீட்டில்தான் இருந்தன. 2006-ல் துறை திரும்பவும் மூடும்போது அவன் தாயைப் பார்க்கப் போய் மறுகரையில் அகப்படுகிறான். 2007-ல் அவன் ஊர்ச் சனம் முழுக்க எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்து வரும்போது அவர்கள் இரண்டாம் முறை சேர்கிறார்கள், அகதிமுகாமில், தறப்பாள் கூடாரத்துக்கு வெளியே, தண்ணீர் வரிசையில். மாலைவாசகி கேட்ட நீண்ட காட்சியை அங்கே வைக்கிறேன். முப்பதுகளின் கடைசியில் இருக்கிற புருசனும் பெண்சாதியும், சுற்றிலும் சனம், தனியாகக் கதைக்க ஒரு இடம் இல்லை. அதன் பிறகும் கதை போகும். காத்தான்குடிக் கூட்டாளியின் வீட்டுக்கு அவள் போகிற அத்தியாயம் அதற்குப் பிறகுதான்.

பஸ் ஏறுகிற தாயும் பெண்ணும் 1990-களின் பகுதியை முழுக்க எடுத்துக்கொள்வார்கள், அவன் பூசா முகாமில் தடுப்பில் இருக்கும் வருடங்களில். நீதிமன்ற_வீதி, அந்த யோசனைக்கு நன்றி.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். 2002 சேர்தலை நெல் சூடடிப்புக் காலத்தில் வைக்கலாமா? துறை முழுக்க நெல் மூட்டை என்று ஒரு காட்சி கண்ணுக்குள் நிற்கிறது.

துறையடி எழுதியது:

வைக்கலாம். ஒப்பந்தம் மாசி 22. பெரும்போகத்து அறுவடை மாசி பங்குனியில் நடக்கும், ஆனால் துறை உடனே திறபடவில்லை, கெடுபிடி மெல்ல மெல்லத்தான் தளர்ந்தது. பங்குனிக் கடைசி என்று வையுங்கள். சூட்டைக் களத்தில் உழவு மெசினால் மிதித்துத் தூற்றுகிற நாட்கள். நெல் மூட்டை ஓடத்தில் ஏறும்போது ஆட்களுக்கு இடம் கிடைக்காது, மூட்டைக்கு மேல் ஏறி இருந்துதான் வருவார்கள். அவன் அப்படி வரட்டும். உடம்பெல்லாம் நெல்லுச் சுணை கடிக்கும், வந்ததும் முதலில் குளிக்கத் தண்ணீர் கேட்பான்.